தீர்க்கத்தக்க குலங்கள்: படிக்கட்டில் வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் மாலை நேரங்களில் முதுநிலைக் கணித மாணவர்களுக்கு இயற்கணிதம் சொல்லித் தருகிறேன். அம்பாசமுத்திரம், வள்ளியூர், ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களே அதிகம். வகுப்பில் வாயைத் திறக்க மாட்டார்கள். முடிந்து செருப்பைப் போடும்போதுதான் "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படிப் படிக்கட்டில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்விகளும், அந்த அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியாமல் போன பதில்களும் இவை.

எழுத்து வசதிக்காக ஓர் ஏற்பாடு. ஐந்து பொருள்களை இடம் மாற்றி அடுக்கும் எல்லா வழிகளும் சேர்ந்த சமச்சீர் குலத்தை ச₅ என்று எழுதுகிறேன். அதற்குள், இரட்டைப்படை எண்ணிக்கையில் இருவர் இருவராக இடம் மாற்றிப் பெறக்கூடியவை மட்டும் அடங்கிய பாதிக் குலம் இ₅. மற்ற எண்களுக்கும் இப்படியே. ச₃-இல் 6 உறுப்புகள், ச₄-இல் 24, ச₅-இல் 120. இ₃, இ₄, இ₅ ஆகியவற்றில் 3, 12, 60.

முதலில் குலம் என்றால் என்ன? கொஞ்சம் மறந்துவிட்டது.

மறந்ததில் தப்பில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லே தொந்தரவு பிடித்தது. குலம் என்றதும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவது நினைவுக்கு வருகிறது. வேகமாகச் சொன்னால் குளம் ஆகிவிடுகிறது. ஒரு பையன் முழுப் பருவமும் நோட்டில் "குளம்" என்றே எழுதிவைத்திருந்தான். அந்தப் பிழையிலிருந்து எனக்கு ஓர் உவமை கிடைத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

குலம் என்பது செயல்களின் தொகுப்பு. ஒன்றை அடுத்து இன்னொன்றைச் செய்தால் வருவதும் தொகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு செயலாகக் கணக்கில் வர வேண்டும், அதுதான் சமனி. செய்த ஒவ்வொன்றையும் திருப்ப ஒரு நேர்மாறு இருக்க வேண்டும். சேர்ப்பு விதி பொருந்த வேண்டும். பத்தமடைக் கோரைப் பாய் ஒன்றைத் தரையில் விரித்துப் பாருங்கள். இரண்டு முகமும் ஒன்றுபோல இருக்கிறது, கரையும் நான்கு பக்கமும் ஒத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்து மறுபடி அதே இடத்தில் பொருந்தும்படி போட எத்தனை வழி? அப்படியே விடலாம். தலைமாடு கால்மாடாகத் தரையிலேயே அரை வட்டம் திருப்பலாம். நீளவாக்கில் புரட்டலாம். அகலவாக்கில் புரட்டலாம். மொத்தம் நான்கு. எந்த இரண்டை எந்த வரிசையில் செய்தாலும் ஒரே முடிவுதான். இப்படி வரிசை பொருட்டில்லாத குலத்துக்கு எபீலியன் குலம் என்று பெயர். இந்த நான்கு உறுப்புக் குலத்துக்குப் பாய்க்குலம் என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். பாடநூல்களில் இது கிளைனின் பெயரில் இருக்கும். ச₄-இன் நடுவில் இது மறுபடி வரும்.

தீர்க்கத்தக்க குலம் என்பதன் வரையறையைத் தமிழில் சொல்ல முடியுமா?

முழுக் குலத்திலிருந்து சமனி மட்டும் இருக்கும் குலம் வரைக்கும் படிக்கட்டாக உட்குலங்களை, அதாவது குலத்துக்குள்ளேயே தாமும் குலமாக இருக்கும் பகுதிகளை, அடுக்க முடிய வேண்டும். ஒவ்வொரு படியும் தனக்கு நேர் மேலே உள்ள படிக்குள் இயல்நிலை உட்குலமாக இருக்க வேண்டும்; அதாவது மேல் படியின் எந்தச் செயலையும் செய்து, பிறகு உட்குலத்தின் ஒரு செயலைச் செய்து, முதலாவதைத் திருப்பினால் முடிவு உட்குலத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். மேல் படியைக் கீழ்ப்படியால் வகுத்தால், அதாவது கீழ்ப்படியின் உறுப்பு அளவில் மட்டும் வேறுபடுபவற்றை ஒன்றாக எண்ணினால், வரும் ஈவுக் குலம் எபீலியனாக இருக்க வேண்டும். படிகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"நேர் மேலே உள்ள படிக்குள்" என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முழுக் குலத்துக்குள் இயல்நிலையாக இருக்க வேண்டும் என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். ச₄-இல் பாய்க்குலத்துக்குக் கீழே, சமனியும் ஒரேயொரு இரட்டை இடமாற்றமும் கொண்ட இரண்டு உறுப்புப் படி ஒன்றை வைக்கலாம். அது பாய்க்குலத்துக்குள் இயல்நிலை, இ₄-க்குள் இல்லை. ஆனாலும் படிக்கட்டு செல்லும்.

நான் படித்த காலத்தில் ஒரு கல்லூரியில் இந்த வரையறையைப் பலகையில் எழுதி, "எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பாடம்" என்று நகர்ந்துவிட்டார்கள். வரையறையை ஒப்பித்தே தேர்வில் தேறினேன். அது எதைச் சொல்கிறது என்று புரிய எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. கீழே பரிமாற்றி பற்றிய கேள்வியை இவ்வளவு நீட்டியிருப்பதற்கு அதுதான் காரணம்.

"கரையும் குலம்" என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களா?

குறைக்கத்தான் வேண்டும். பிரிட்டனில் அச்சான நூல்களில் இதற்கு இருக்கும் பெயர், சர்க்கரை தண்ணீரில் கரைகிறது என்பதற்கும் பயன்படும் அதே சொல். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் அல்வாக் கிண்டுவதுபோல் ஆகிவிடும். அமெரிக்க நூல்களின் சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. இங்கே தீர்ப்பது என்பது சமன்பாட்டைத் தீர்ப்பது. அது ஏன் என்பது கணிதவியலாளர் கால்வா பற்றிய கேள்வியில் வருகிறது.

பரிமாற்றி என்றால் என்ன? சூத்திரம் தெரிகிறது, பொருள் தெரியவில்லை.

மேசையில் மூன்று டம்ளர் வையுங்கள். இடமிருந்து வலமாகக் காபி, மோர், பதநீர். இரண்டு செயல்கள். முதலாவது, இடது டம்ளரையும் நடு டம்ளரையும் இடம் மாற்றுவது. இரண்டாவது, நடு டம்ளரையும் வலது டம்ளரையும் இடம் மாற்றுவது. இரண்டுமே திருப்பிச் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதாவது ஒவ்வொன்றும் தனக்குத் தானே நேர்மாறு.

இப்போது நான்கு அசைவு. முதல் செயலைச் செய்யுங்கள்: மோர், காபி, பதநீர். இரண்டாவதைச் செய்யுங்கள்: மோர், பதநீர், காபி. முதலாவதைத் திருப்புங்கள்: பதநீர், மோர், காபி. இரண்டாவதைத் திருப்புங்கள்: பதநீர், காபி, மோர்.

இரண்டு காரியம் செய்தோம், இரண்டையும் திருப்பிவிட்டோம். வரிசை பொருட்டில்லாத உலகமாக இருந்திருந்தால் காபி, மோர், பதநீர் என்ற தொடக்கத்துக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று டம்ளரும் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கின்றன. அந்த மிச்சம்தான் பரிமாற்றி. இரண்டு செயல்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்பதை அது காட்டுகிறது. ஒத்துப்போனால் மிச்சம் சமனிதான்.

ஒரு குலத்தில் எல்லா ஜோடிகளுக்கும் இந்த மிச்சங்களை எடுத்து, அவற்றால் உருவாகும் உட்குலத்தை முதல் வழிக்குலம் என்கிறேன். அது எப்போதும் இயல்நிலை. அதோடு, ஈவை எபீலியனாக்கும் இயல்நிலை உட்குலங்களில் மிகச் சிறியது அதுதான். இயல்நிலை உட்குலம் ஒன்றால் வகுத்து வரும் ஈவு எபீலியன் என்றால், அந்த உட்குலத்துக்குள் வழிக்குலம் முழுதும் அடங்கியிருக்கும். மிச்சத்தையெல்லாம் பூஜ்யமாக்காமல் ஈவில் சண்டை ஓயாது.

ஒரு கிளைச் செய்தி. பரிமாற்றிகளைப் பெருக்கினால் பரிமாற்றியே வரும் என்று நம்ப வேண்டாம். சிறிய குலங்களில் அப்படித்தான் நடக்கும், அதனால் மாணவர்கள் ஏமாந்துபோவார்கள். பொய்க்கும் மிகச் சிறிய குலத்தில் 96 உறுப்புகள் இருக்கின்றன. அதனால்தான் "அவற்றால் உருவாகும்" என்று எழுதினேன்.

அப்படியென்றால் அந்தப் படிக்கட்டு எங்கே இருக்கிறது?

குளம் என்று எழுதிய பையனின் உவமை இங்கேதான். தாமிரபரணியில் அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் பிரிந்து போகிறது. கன்னடியன் கால்வாய் போல. கால்வாய் குளத்தை நிரப்புகிறது. குளம் நிரம்பினால் மறுகால் பாய்கிறது. மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. ஒவ்வொரு குளமும் தன்னால் தாங்க முடிந்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுகிறது.

குலத்திலும் அதேதான். ஒத்துப்போகும் பகுதியை ஈவாக மேலே வைத்துக்கொண்டு, ஒத்துப்போகாத மிச்சத்தை வழிக்குலமாகக் கீழே இறக்குகிறோம். அந்த வழிக்குலத்துக்கு ஒரு வழிக்குலம், அதற்கும் ஒன்று. சில குளங்கள் தாண்டியதும் மறுகால் வற்றிவிட்டால், அதாவது சமனி மட்டும் மிஞ்சினால், முதல் குலம் தீர்க்கத்தக்கது. எத்தனை இறக்கம் தேவைப்பட்டது என்பதுதான் வழிநீளம். எந்தப் படிக்கட்டை எடுத்தாலும் இந்த இறக்கத்தைவிட வேகமாகக் கீழே போக முடியாது. ஆகவே இரண்டு வரையறையும் ஒன்றே.

ச₃-இல் மிச்சமெல்லாம் சுற்றுகள், அதாவது இ₃. அது எபீலியன், அடுத்த இறக்கத்தில் வற்றிவிடும். நீளம் 2. ச₄-இல் முதல் இறக்கம் இ₄, இரண்டாவது பாய்க்குலம், மூன்றாவதில் சமனி. உறுப்பு எண்ணிக்கை 24, 12, 4, 1. ஈவுகளில் 2, 3, 4.

ச₄-இன் நடுவில் பாய்க்குலம் எப்படி வந்து உட்கார்ந்தது?

நல்ல கேள்வி. ஐந்துக்கு இந்த வசதி கிடையாது. அதனால் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இருவர் உட்காரும் இருக்கை இரண்டு. இசக்கி, முத்து, பேச்சி, சுடலை என்று நான்கு பேர். யார் யாரோடு சேர்ந்து உட்காருவது? இசக்கியோடு உட்கார மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்துவிட்டால் மற்ற இருவரும் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். ஆக மூன்றே வழி. நான்கு பேரையும் இடம் மாற்றி அடுக்கும் 24 வழிகளில் ஒவ்வொன்றும் இந்த மூன்று ஜோடிசேர்ப்புகளை இடம் மாற்றுகிறது. அதாவது ச₄-இன் ஒவ்வோர் உறுப்பும் ச₃-இன் ஓர் உறுப்பாகத் தெரிகிறது. மூன்று ஜோடிசேர்ப்புகளையும் அப்படியே விட்டுவைப்பவை எவை? சமனி, பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு ஜோடிகளை இடம் மாற்றும் மூன்று உறுப்புகள். இந்த நான்கும்தான் பாய்க்குலம். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6, அது ச₃.

நான்காம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியும் இதுதான். நான்கு மூலங்களை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும். அந்த மூன்றும் ஒரு மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு மூலங்கள். நான்காம் படி மூன்றாம் படியாக இறங்கிவிட்டது. கார்டானோவின் மாணவர் ஃபெராரி கண்ட வழி 1545-இல் கார்டானோவின் நூலில் அச்சானது. குலம் என்ற சொல் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, இயற்கணிதக்காரர்கள் இந்தப் படியில் கால் வைத்துவிட்டார்கள்.

ஐந்தில் மட்டும் என்ன கோளாறு? நான்கு வரை வேலை செய்தது ஐந்தில் ஏன் நிற்கிறது?

இந்தக் கேள்விக்காகவே மற்ற எல்லாக் கேள்விகளையும் பொறுத்துக்கொள்ளலாம். ஏதோ ஐந்து என்ற எண்ணுக்கு மாயச் சக்தி இருப்பதுபோல் பேசுகிறார்கள். ஒன்றும் இல்லை. 3 + 3 − 1 = 5. காரணம் அதுதான்.

மூன்று பொருள்களை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி, மற்றவற்றைத் தொடாமல் விடும் செயலை முச்சுழற்சி என்போம். ஐந்து டம்ளர், 1 முதல் 5 வரை எண்ணிட்ட இடங்களில். முதல் செயல்: 1-இல் உள்ளது 2-க்கு, 2-இல் உள்ளது 3-க்கு, 3-இல் உள்ளது 1-க்கு. இரண்டாவது செயல்: 3-இல் உள்ளது 4-க்கு, 4-இல் உள்ளது 5-க்கு, 5-இல் உள்ளது 3-க்கு. இரண்டு முச்சுழற்சிக்கும் பொதுவான இடம் ஒன்றே ஒன்று, மூன்றாம் இடம்.

முன்பு செய்ததுபோல முதலாவது, இரண்டாவது, முதலாவதன் திருப்பம், இரண்டாவதன் திருப்பம். ஒவ்வொரு டம்ளராகத் தொடருங்கள். 1-இல் தொடங்கியது 2-க்குப் போகிறது, அங்கேயே இருக்கிறது, திரும்ப 1-க்கு வருகிறது, அங்கேயே நிற்கிறது. ஆக 1 அசையவில்லை. 2-இல் தொடங்கியது 3-க்கு, பிறகு 4-க்கு, அங்கேயே, பிறகு 3-க்கு. ஆக 2 போய் 3. 3-இல் தொடங்கியது 1-க்கு, அங்கேயே, திரும்ப 3-க்கு, கடைசியில் 5-க்கு. ஆக 3 போய் 5. 4-இல் தொடங்கியது 5-க்குப் போய் 4-க்கே வந்துவிடுகிறது. 5-இல் தொடங்கியது 3-க்கு, பிறகு 2-க்கு, அங்கேயே. ஆக 5 போய் 2.

என்ன மிஞ்சியது? 2, 3, 5 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஒரு சுற்று. அதுவும் ஒரு முச்சுழற்சி!

எண்களுக்கு வேறு பெயர் வைத்தால் எந்த முச்சுழற்சியையும் இப்படி வேறு இரண்டு முச்சுழற்சிகளின் மிச்சமாகப் பெறலாம். ஆகவே ஒரு குலத்தில் ஐந்து பொருள்களின் முச்சுழற்சிகள் எல்லாம் இருந்தால் அதன் வழிக்குலத்திலும் எல்லாம் இருக்கும்; அதற்கடுத்த இறக்கத்திலும் எல்லாம் இருக்கும். ஒன்றுகூடக் குறையாது. மறுகால் வற்றவே வற்றாது: எவ்வளவு உள்ளே வந்ததோ அவ்வளவும் வெளியே போகிறது. ச₅ தீர்க்கத்தக்கதல்ல. ஐந்துக்கு மேல் எந்த எண்ணுக்கும் இதே வாதம் செல்லும்.

நான்கு டம்ளர் மட்டும் இருந்தால்? இரண்டு முச்சுழற்சிகள் குறைந்தது இரண்டு இடங்களைப் பகிர்ந்துகொண்டே தீர வேண்டும். அப்போது மிச்சம் ஒன்று சமனி, இல்லையென்றால் இரட்டை இடமாற்றம். முச்சுழற்சி மிஞ்சாது. பாய்க்குலத்துக்குள் விழுந்துவிடுகிறது. நான்கில் இடநெருக்கடி, ஐந்தில் இடம் போதும். இதைத் தேர்வில் எழுத மூன்று வரி போதும். இருந்தாலும் டம்ளரை வைத்து ஒரு தடவையாவது கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த மூன்று வரியும் மறக்காமல் நிற்கிறது.

இ₅ எளிய குலம் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் பக்கத்துவீடு. எளிய குலம் என்றால் தானும் சமனியும் தவிர வேறு இயல்நிலை உட்குலம் இல்லாதது. எபீலியன் அல்லாத எளிய குலத்தின் வழிக்குலம் சமனியாக இருக்க முடியாது, ஆகவே அது முழுக் குலமேதான், எனவே தீர்க்கத்தக்கதல்ல.

கூட்டல் தெரிந்தால் நிரூபித்துவிடலாம். ஒரு செயல், பிறகு ஓர் உறுப்பு, பிறகு அந்தச் செயலின் திருப்பம் என்று செய்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற முடிந்தால் இரண்டும் ஒரே கான்ஜுகேட் வகுப்பு. இ₅-இன் 60 உறுப்புகள் இந்த வகுப்புகளாக 1, 12, 12, 15, 20 என்று பிரிகின்றன. இயல்நிலை உட்குலம் சில முழு வகுப்புகளின் சேர்க்கையாக இருக்க வேண்டும், சமனி அதில் இருக்க வேண்டும், அதன் எண்ணிக்கை 60-ஐ வகுக்க வேண்டும். 1-உடன் மற்றவற்றைச் சேர்த்தால் வரக்கூடியவை 13, 16, 21, 25, 28, 33, 36, 40, 45, 48, கடைசியில் எல்லாம் சேர்ந்து 60. நடுவில் ஒன்றுகூட 60-ஐ வகுக்கவில்லை. முடிந்தது.

கால்வா இதில் எங்கே வருகிறார்? ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு மூலமே கிடையாது என்கிறார்களே?

மூலம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு ஐந்து கலப்பெண் மூலங்கள் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலக்குறிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கெழுக்களிலிருந்து அந்த மூலங்களை எழுத ஒரு பொதுச் சூத்திரம் கிடையாது என்பதுதான் செய்தி. 1799-இல் ருஃபினி இதை நிரூபித்ததாகச் சொன்னார், அதில் ஓர் இடைவெளி இருந்தது. 1824-இல் ஆபெல் நிரூபித்தார். எந்தச் சமன்பாட்டுக்கு முடியும், எதற்கு முடியாது என்று பிரித்துக் காட்டியவர் கால்வா. 1811-இல் பிறந்து, ஒரு துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு 1832-இல் இறந்தவர், இருபது வயது. அவருடைய கட்டுரையை லியூவில் வெளியிட்டது 1846-இல்.

அவர் சொன்னது: விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அதன் மூலங்களை இடம் மாற்றும் ஒரு குலம் உண்டு. மூலக்குறிகளால் தீர்க்க முடிவதும் அந்தக் குலம் தீர்க்கத்தக்கதாக இருப்பதும் ஒன்றே. ஒவ்வொரு மூலக்குறியும் ஓர் எபீலியன் படி. பெயர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

இரண்டு எடுத்துக்காட்டு. ய⁵ − 2 = 0 ஐந்தாம் படிதான், ஆனால் 2-இன் ஐந்தாம் மூலம் என்று எழுதிவிடலாமே. அதன் குலத்தில் 20 உறுப்புகள். 5 உறுப்புள்ள இயல்நிலை உட்குலம், அதன் மேல் 4 உறுப்புள்ள சக்கரக் குலம், அதாவது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து முழுதும் பெறக்கூடியது. தீர்க்கத்தக்கது. ய⁵ − 4ய + 2 = 0 வேறு ரகம். ஐசன்ஸ்டைன் விதிப்படி 2-ஐ வைத்துப் பார்த்தால் காரணிப்படுத்த முடியாதது. −2, −1, 1, 2 ஆகிய இடங்களில் மதிப்பு −22, 5, −1, 26. குறி மூன்று தடவை மாறுகிறது, ஆக மெய்யெண் மூலங்கள் குறைந்தது மூன்று. வகைக்கெழு 5ய⁴ − 4 இரண்டே இடத்தில் பூஜ்யமாவதால் மூன்றுக்கு மேல் கிடையாது. மீதி இரண்டு கலப்பெண் இணைகள். அந்த இரண்டை மட்டும் இடம் மாற்றும் உறுப்பும் ஐந்தையும் சுற்றும் உறுப்பும் சேர்ந்தால் முழு ச₅. சூத்திரம் கிடையாது.

உட்குலம், ஈவு, விரிவு: எதில் இந்தப் பண்பு கடத்தப்படுகிறது?

மூன்றிலும். தீர்க்கத்தக்க குலத்தின் உட்குலங்கள் எல்லாம் தீர்க்கத்தக்கவை, ஈவுகள் எல்லாம் தீர்க்கத்தக்கவை. இயல்நிலை உட்குலமும் அதனால் வரும் ஈவும் தீர்க்கத்தக்கவை என்றால் முழுக் குலமும் தீர்க்கத்தக்கது. மூன்றாவதுதான் தங்கம். எபீலியன் குலங்களுக்கு அது பொய்: இ₃ எபீலியன், அதன் ஈவும் எபீலியன், ச₃ மட்டும் இல்லை.

இதிலேயே வழக்கமான பிழை ஒன்று. "தன்னைவிடச் சிறிய உட்குலங்கள் எல்லாம் தீர்க்கத்தக்கவை, ஆகவே முழுக் குலமும் தீர்க்கத்தக்கது." இ₅-ஐப் பாருங்கள். அதற்குள் இருக்கும் சிறிய உட்குலங்கள் அனைத்தும் தீர்க்கத்தக்கவைதான். அது மட்டும் இல்லை.

நில்பொட்டன்ட் குலமும் இதுவும்?

எல்லா உறுப்புகளோடும் ஒத்துப்போகும் உறுப்புகள் சேர்ந்தது மையம். மையத்தால் வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் சமனி மட்டும் மிஞ்சுகிற குலம் நில்பொட்டன்ட். எபீலியன் எல்லாம் நில்பொட்டன்ட், நில்பொட்டன்ட் எல்லாம் தீர்க்கத்தக்கவை, திருப்பிச் சொன்னால் பொய். ச₃ தீர்க்கத்தக்கது, அதன் மையத்தில் சமனி மட்டுமே இருப்பதால் நில்பொட்டன்ட் அல்ல.

உறுப்பு எண்ணிக்கையைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

பல நேரம் முடியும், அதுதான் ஆச்சரியம். எண்ணிக்கை ஒரே பகாஎண்ணின் அடுக்காக இருந்தால் சுலபம்: மையம் சமனியைவிடப் பெரியது, அதை வகுத்துக்கொண்டே போகலாம். இரண்டு பகாஎண்கள் மட்டும் இருந்தாலும் தீர்க்கத்தக்கதே என்று பர்ன்சைட் 1904-இல் நிரூபித்தார். ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் எப்போதும் தீர்க்கத்தக்கது என்று ஃபைட்டும் தாம்ப்சனும் 1963-இல் நிரூபித்தார்கள். ஒரு வரித் தேற்றத்துக்கு 255 பக்கம், ஆய்விதழின் ஓர் இதழ் முழுவதும் அதுதான். 2012-இல் அந்த நிரூபணத்தைக் கணினி வழியாக வரி வரியாகச் சரிபார்த்து முடித்தார்கள்.

பர்ன்சைட் தேற்றத்தை வைத்து ஒரு குட்டி வேலை. 60-க்குக் கீழே மூன்று வெவ்வேறு பகாஎண்கள் வரும் எண்கள் எவை? 30, 42. இரண்டுமே ஓர் ஒற்றைப்படை எண்ணின் இருமடங்கு. அத்தகைய குலத்தில் பாதி அளவுள்ள இயல்நிலை உட்குலம் உண்டு, அது 15 அல்லது 21 உறுப்புடையது, தீர்க்கத்தக்கது. மேலே இரண்டு உறுப்பு ஈவு. ஆக 60-க்குக் கீழே எல்லாக் குலமும் தீர்க்கத்தக்கது. 60-இல் இ₅ நிற்கிறது. நடுவில் ஆளே இல்லை.

இ₄-இல் 6 உறுப்புள்ள உட்குலம் இல்லை. ஆனால் ஹால் தேற்றம் உண்டு என்கிறதே?

சொல்லவில்லை. எண்ணிக்கையை ஒன்றுக்கொன்று பொதுக்காரணி இல்லாத இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதினால், அந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உட்குலம் உண்டு என்பதுதான் 1928-இல் ஹால் தீர்க்கத்தக்க குலங்களுக்கு நிரூபித்தது. 12-ஐ 6 × 2 என்று பிரித்தால் 2 பொதுவாக நிற்கிறது, ஆகவே தேற்றம் பொறுப்பேற்காது. 4 × 3 என்றால் இரண்டும் கிடைக்கும். 60-ஐ 15 × 4 என்று பிரிக்கலாம், இ₅-இல் 15 உறுப்புள்ள உட்குலம் கிடையாது. தீர்க்கத்தக்கதல்ல என்பதற்கு இன்னொரு சாட்சி. இப்படி எல்லாப் பிரிப்புக்கும் உட்குலம் கிடைத்தால் குலம் தீர்க்கத்தக்கதே என்ற மறுதலையையும் 1937-இல் அவரே கொடுத்தார்.

ரூபிக் கனசதுரத்தின் குலம் தீர்க்கத்தக்கதா? கனசதுரத்தைத்தான் தீர்க்க முடிகிறதே!

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் ஒரு மாணவர் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். பிறகுதான் இது நல்ல கேள்வி என்று உறைத்தது. இல்லை, தீர்க்கத்தக்கதல்ல. எட்டு மூலைத் துண்டுகளின் இடமாற்றங்களுக்குள் இ₈ இருக்கிறது, பன்னிரண்டு விளிம்புத் துண்டுகளுக்குள் இ₁₂ இருக்கிறது. இரண்டிலும் முச்சுழற்சிகளுக்குப் பஞ்சமில்லை.

கனசதுரத்தை அடுக்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில், ஏற்கெனவே அடுக்கியதைக் கலைக்காமல் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் நகர்த்த வேண்டும். ஒரு முகத்தைத் திருப்பும் செயல் பல துண்டுகளை அசைத்துவிடுகிறது. ஆகவே ஒரு செயல், இன்னொரு செயல், முதலாவதன் திருப்பம், இரண்டாவதன் திருப்பம். இரண்டு செயலும் பொதுவாகத் தொடும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் மிச்சம் மூன்று துண்டுகளின் ஒரு சுற்று. நம் ஐந்து டம்ளர் கணக்கேதான். 43,252,003,274,489,856,000 நிலைகளுள்ள பொம்மையைக் கையால் அடுக்க உதவுவதும், அதன் குலத்தைத் தீர்க்கத்தக்கதல்ல என்று ஆக்குவதும் ஒரே உத்தி.

அந்த மாணவர் மறுநாள் பையிலிருந்து ஒரு கனசதுரத்தை எடுத்து, "சார், பொது இடம் இதோ இந்த மூலைதான்" என்று விரலை வைத்துக் காட்டினார். நான்கு அசைவுக்கு மேல் எனக்குக் கண் தொடரவில்லை. திருப்பித் திருப்பி மூன்று தடவை செய்யச் சொன்னேன்; அன்றைக்கு அவர் வழக்கமாகப் போகும் பஸ் போய்விட்டது.